சீர்வரிசை மிஷின்

காட்பாடி
8-7-2024

மாப்பிள்ளை மதியழகன் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு வாஷிங் மிஷினைப் பிரித்தோம். உள்ளே தோல் இருந்தது.

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. ஹேமலதாவும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். மற்றதைக் கேளுங்கள்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். வீடு சின்னது, அடுத்த அறையில் ஹேமா பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் போனைச் சம்பந்தியம்மா எடுத்துப் பார்ப்பார்கள். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மெக்கானிக் பெருமாளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டின கவரை அவன் பிரிக்க மாட்டான்.

நீங்கள் ஆம்பூர் போயிருந்தீர்கள். சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தார்கள். "வாங்க, வந்து உங்க மிஷினப் பாருங்க. தண்ணி சுத்த ஆரமிச்சா சமையக்கட்டு வரைக்கும் நடந்து வருது. இன்னா மிஷினோ!" என்றார்கள். உங்க மிஷின் என்று சொல்லும்போது அந்த 'உங்க'வில் ஒரு அழுத்தம். கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த மிஷின்தான். பெட்டி பிரிக்காமல், பில்லோடு, ஏழு கிலோ, முன்பக்கம் கதவு வைத்தது.

பெருமாள் அதைச் சாய்த்து அடியில் படுத்தான். டிரம்மைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டையும் பின்னைத் தட்டிக் கழற்றிக் கொடுத்தான். நல்ல ஷாக் அப்சார்பரைக் கையால் இழுத்தால் முரண்டு பிடிக்க வேண்டும். இவை வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி சும்மா போய்ச் சும்மா வந்தன. டிசம்பரில்தான் புது ஜோடி போட்டது. ஏழு மாதம். நான் விற்கிற சரக்கு ஏழு வருஷம் உழைக்கும். ஏழு மாதத்தில் போனால் ஒன்று நான் டூப்ளிகேட் விற்கிறேன், இல்லை என்றால் அந்த மிஷினில் நீங்கள் போட்டது துணி இல்லை.

அதனால்தான் ஃபில்டரைத் திறக்கச் சொன்னேன். மாப்பிள்ளை, மாவரைக்கிற கல் சந்தில் புழு கண்டிருக்கிறேன், செத்த எலி கிடந்த கிரைண்டரைக் கழுவியிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வீட்டு அழுக்கைக் கழற்றி மாட்டித்தான் கடை வைத்தேன். ஆனால் நேற்று புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். நீலமும் சாம்பலுமாகக் களி. கொழுப்பு. அதில் ஊறின நார் கொத்துக் கொத்தாக. அழுகின மீன் எண்ணெய் நாற்றம். பெருமாள் ஒரு விரலை விட்டுத் தோண்டினான், கை முழுக்க வழவழவென்று வந்தது. மதியம் அவன் சாப்பிடவில்லை.

கதவு ரப்பர் மடிப்புக்குள் ஒரு துண்டு மாட்டியிருந்தது. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம். ஆட்டுத்தோல். அதைப் பர்சில் வைத்திருக்கிறேன். பின்னால் நின்ற சம்பந்தியம்மா, "கோளாறு கண்டுபிடிச்சீங்களா? மொதல்லயே பழசுதானே?" என்றார்கள். பர்சின் ஜிப்பை இழுத்து மூடினேன். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை, அதையும் நேற்று செய்தேன்.

புது ஜோடியைப் போடாமல் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். ஆடி பிறக்கும் முன் ஹேமாவையும் பிள்ளையையும் அனுப்பச் சொல்லி உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். குழந்தையின் ஈரத்துணியை நனைக்கப்போகிற மிஷின் அது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுத்தில் எனக்குத் தெரியும் வரை ஹேமா வரமாட்டாள்.

இப்படிக்கு,
விஜயகுமாரி


ராணிப்பேட்டை
10-7-2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மதியின் வணக்கம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருப்பதாக ஹேமா சொன்னாள், இப்போது குறைந்ததா?

நீங்கள் எழுதியதைப் படித்து ரொம்ப வெட்கப்பட்டேன். வேலை செய்கிற ஷாப்பில் இருந்து இரண்டு மூன்று முறை சாம்பிள் தோல் கொண்டுவந்து மிஷினில் போட்டது உண்மை. தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் சாயம் ஏற்றிய தோலைப் பெரிய மர டிரம்மில் போட்டு உருட்டுவோம், அப்போதுதான் மிருதுவாகும். மிஷினும் சின்ன டிரம்தானே என்று ஒரு அவசரத்துக்குச் செய்தேன். பிறகு நன்றாகக் கழுவிவிட்டேன். ஃபில்டர் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

மற்றபடி ஷாக் அப்சார்பர் போனதற்குக் காரணம் அதில் துவைத்த ஜமுக்காளம் என்றே நினைக்கிறேன். ஈரமானால் கனம் ஜாஸ்தி.

அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது தெரியும் உங்களுக்கு, அவளிடம் சொல்ல வேண்டாம். ஹேமாவிடமும் சொல்ல வேண்டாம், பால் கொடுக்கிற நேரத்தில் பேஜார் பண்ணிக்கொள்வாள். பதினான்காம் தேதி நான் கார் வைத்து வந்து அழைத்துக்கொள்கிறேன்.

பணிவுடன்,
மதியழகன்


காட்பாடி
12-7-2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஊசி போட்ட இடத்து வீக்கம் வற்றிவிட்டது. கார் வேண்டாம்.

நான் முதல் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன், நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்க. அன்று படியிறங்கும்போது கீழ் வீட்டு ஹலீமா பீ என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்மா, சண்டே ஆனா மேல ஒரே ஆட்டம். எங்க வூட்டு ஃபேனும் சேந்து ஆடுது. கேட்டா உங்க மாப்ளே, ஜமுக்காளம் தொவைக்கிறேன்றாரு. போன வருஷம் ரம்ஜான் முடிஞ்சதுலேர்ந்து வாரா வாரம் தொவைக்கிறாரு. எத்தினி ஜமுக்காளம்மா சீர் குடுத்தீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மிஷின் தண்ணீர் விழுகிற இடத்தில் அவர் வைத்திருந்த புதினாத் தொட்டியையும் காட்டினார். கருகிக் கிடந்தது. விதை விற்றவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார், பாவம்.

ரம்ஜான் முடிந்ததிலிருந்து என்றால் பதினைந்து மாதம். அதை நீங்கள் இரண்டு மூன்று முறை என்று எழுதுகிறீர்கள். டிசம்பரில் முதல் ஜோடியைப் பெருமாள் மாற்றியபோது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து டார்ச் பிடித்தீர்களாம். நல்ல மாப்பிள்ளை என்று வந்து சொன்னான். இப்போது கேட்டால், "அண்ணி, அவரு அடியில மட்டும்தான் வெளிச்சம் காட்டுனாரு, ஃபில்டர் பக்கமே காட்டல" என்கிறான்.

ஹேமாவிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நேற்று அந்தத் தோல் துண்டை அவள் முன்னால் வைத்தேன். வாய் திறக்கவில்லை நான். அவள் எடுத்து மோந்து பார்த்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "இதான்மா. மாசமா இருக்கச்ச என் ஜாக்கெட்ல, தலகாணி உறையில, எல்லாத்துலயும் இந்த நாத்தம்தான். மீன் நாறுதுன்னு சொன்னா அத்தை, ஒனக்குத் தொவைக்கத் தெரியலன்னாங்க. இவரு, மசக்கையில அப்டிதான் தோணும்னாரு. எனக்கு மூக்கு கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன்."

மூன்று மாதம் எலும்பும் தோலுமாக இருந்தாளே, அதைத்தான் எழுதுகிறேன். மசக்கை என்று நானும்தான் மாங்காய் வாங்கி அனுப்பினேன். நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எதனால் நாறுகிறது என்று தெரிந்துகொண்டே, உனக்குத் தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஃபில்டர் களியைக்கூடக் கை விட்டுத் துடைத்துவிடலாம். இதை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்புறம் வளைகாப்பு. நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, சம்பந்தியம்மா, "ஸ்பேர் கடை வெச்சிருக்காங்க இல்ல, கடையில கெடந்த பழச பெயின்ட் அடிச்சு எங்க தலையில கட்டிட்டாங்க" என்றார்கள். சிரிப்பு மாதிரிதான் சொன்னார்கள். நீங்கள் வளையல் தட்டோடு நின்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் வளையலைப் பார்த்தீர்கள். குடியாத்தம் சந்தையில் குக்கர் ரப்பரைத் தோளில் போட்டு விற்ற காலத்திலிருந்து நான் பழசைப் புதுசு என்று கொடுத்ததில்லை. அன்றைக்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களில் மூன்று பேர், "இது புதுசுதானே அக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் உங்கள் தெரு.

ஆடிக்கு முன் ஹேமா வரமாட்டாள். ஆடிக்கு அப்புறமும் வருவாளா என்பது நீங்கள் எழுதப்போவதில் இருக்கிறது. ஜமுக்காளத்தை விட்டுவிட்டு எழுதுங்கள்.

விஜயகுமாரி


ராணிப்பேட்டை
21-7-2024

அத்தைக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்தேன். இன்று ஞாயிறு. மிஷின் ஓடாமல் வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

பதினோரு வருஷமாகச் சாயப் பிரிவில் இருக்கிறேன். எந்தத் தோலுக்கு எவ்வளவு எண்ணெய், எத்தனை மணி உருட்டல் என்று என் கைக்குத் தெரியும். சரக்கு வாங்குகிற வெளியூர் பையர் வந்து தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டால், முதலாளி தன் மச்சானைக் காட்டுவார். இரண்டு முறை பார்த்தேன். தனியாகச் செய்யலாம் என்று தோன்றியது. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கிற தௌசீப் அகமது, நாலு தோல் இந்த மிருதுவில் கொண்டுவா, பிடித்தால் மாதா மாதம் எடுக்கிறேன் என்றார். ஷாப்பு டிரம்மைத் தொட்டால் வேலை போய்விடும். வாடகை டிரம்காரர்கள் எல்லாரும் முதலாளிக்கு வேண்டியவர்கள். வீட்டில் மிஷின் இருந்தது.

அந்த மிருது வரும் வரை ஞாயிறுதோறும் அம்மாவும் ஹேமாவும் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து நாலு தோல், மீன் எண்ணெய், மூன்று ரப்பர் பந்து போட்டு ஓட்டுவேன். ஈரத்தோல் ஒரே பக்கம் குவிந்து டிரம் இடிக்கும். நான் மேலே ஏறி உட்கார்ந்து பிடித்துக்கொள்வேன். அத்தை, எங்கள் ஆட்களுக்கு உருளுகிற எதைப் பார்த்தாலும் டிரம்தான். அது ஹேமா துணி துவைக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு மறந்துபோகும்.

ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டினேன். நாற்றம் எனக்குத் தெரியவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டாம், ஆனால் உண்மை. பதினோரு வருஷத்தில் எனக்கு அந்த வாசனை தனியாகத் தெரிவது நின்றுவிட்டது. அவள் மீன் நாறுகிறது என்று சொன்னபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் மசக்கை என்று சொன்னேன்.

இன்னொன்று. உங்களுக்குத் தெரியாதது. எழுதாமல் விட்டால் இதுவரை எழுதினதும் ஜமுக்காளம்தான்.

பழைய மிஷின் என்று அம்மா தானாகச் சொல்லவில்லை. டிசம்பரில் மிஷின் நடக்க ஆரம்பித்ததும் என்ன ஆச்சு என்று கேட்டாள். பயத்தில், "கடையில கெடந்ததா இருக்கும்மா" என்று நான் சொன்னேன். ஒரே ஒரு தடவை. அதை அம்மா பிடித்துக்கொண்டாள். வளைகாப்பில் அம்மா சொன்னது என் வார்த்தை. அதனால்தான் வளையலைப் பார்த்தேன்.

ஹேமாவுக்குத் தனியாக எழுதத் தைரியம் இல்லை. இதை அவளிடம் கொடுங்கள்.

மதியழகன்


காட்பாடி
26-7-2024

மாப்பிள்ளைக்கு,

கொடுத்தேன். படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே, "மேல ஏறி ஒக்காந்து புடிச்சாராமா?" என்று கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

நான் மூன்று நாள் இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. கடையில் ஒருவன் கெட்டுப்போன பார்ட்டைக் கொண்டுவந்து, நீ கொடுத்ததே இப்படித்தான் என்பான். அப்படிப்பட்டவனை நான் படியேற விட்டதில்லை. அதையே என் வீட்டு மாப்பிள்ளை என் மகளை வைத்துச் செய்திருக்கிறார். உங்கள் பேரை எழுதும்போது இப்போதும் நாக்கில் அந்த எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது. கேட்டதற்கு மேல் ஒன்றை நீங்களாகச் சொன்னீர்கள், அதனால் இந்தக் கடிதம். சொல்லாமல் விட்டிருந்தால் இதுவும் கிடையாது.

அந்தத் துண்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்றத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் சரக்கு நல்ல சரக்கு. பொய் எழுதத் தெரியாது எனக்கு, அதனால் அதையும் எழுதுகிறேன்.

ஹேமா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அவங்கம்மா எங்க சொன்னாங்களோ அங்க அவரு சொல்லணும், அதே ஆளுங்க முன்னாடி. அந்த மிஷினு இருக்கிற வூட்ல நான் கால் வெக்க மாட்டேன். புது மிஷினும் நீ வாங்கித் தராத. பதினஞ்சு மாசம் என் துணிய நாற வெச்சாரு இல்ல, எங்க துணிய அவரு கையால தொவைக்கட்டும்."

உங்கள் தெருவில் ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரும் சொம்போடு நிற்பார்கள். சம்பந்தியம்மாவைக் குத்திக்காட்ட வேண்டாம். அவர்கள் கேட்டதைத்தான் சொன்னார்கள். உங்களைச் சொல்லுங்கள், போதும்.

விஜயகுமாரி


ராணிப்பேட்டை
8-8-2024

அத்தைக்கு வணக்கம்.

கூழ் ஊற்றின அன்று சொன்னேன். அம்மா பெரிய குண்டானிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தேன். "எங்க மாமியார் குடுத்தது புது மிஷினு. நான்தான் பதினஞ்சு மாசமா அதுல தோல் போட்டு உருட்டிக் கெடுத்தேன். பழசுன்னு பொய் சொன்னதும் நான்தான்" என்றேன். வரிசை நின்றுவிட்டது. ஹலீமா பீ வேடிக்கை பார்க்க வந்திருந்தார், "அப்ப என் புதினா?" என்று அங்கிருந்தே கேட்டார். அவருக்குப் புது மண்ணும் தொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "அப்ப அந்தப் பொண்ணு வாந்தி எடுத்ததெல்லாம்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். "சீ" என்றாள். தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தௌசீப் பாய் சரக்கு பிடித்திருக்கிறது என்றார். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு ஷெட் பிடிக்கிறேன். தோல் ஷாப்புக் கழிவுத் தண்ணீர் போகிற லைனோடு சேர்ந்த இடம். அங்கே வைக்க அந்த மிஷினை இனாமாகக் கேட்கவில்லை. விலை சொன்னால் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

துணி துவைக்கச் சம்மதம். எவ்வளவு நாள் என்று ஹேமா சொல்லவில்லை. ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாமா? ஷிப்டு இருக்கிறது.

மதி


காட்பாடி
13-8-2024

மாப்பிள்ளைக்கு,

முந்தாநாள் சம்பந்தியம்மா எனக்குப் போன் போட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களாகப் போட்ட முதல் போன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "கொழந்தைக்கு இன்னா சோப்பு போடறீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அதையே வாங்கி வெக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள். நேற்று உங்கள் தெருவிலிருந்து ஒரு அம்மா மிக்ஸி ஜார் வாங்க வந்தார், புதுசா என்று கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கசப்பு போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். ஹேமாவைக் கேட்டேன். "போறேன்மா. பாத்துட்டு வேணும்னா திரும்பி வர்றேன், பஸ்ஸு இருக்கு" என்றாள். அவள் திரும்பி வந்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், என் வீட்டில் அவள் அறை அப்படியே இருக்கும். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதம் என்று நீங்கள் கேட்டதைச் சொன்னேன். "ரெண்டு வருஷம்" என்றாள். பேசி முடித்தது இது:

மிஷின் ஐயாயிரம் ரூபாய். சீர்ப்பொருள் அவளுடையது, அதனால் பணம் ஹேமா கையில். ஷாக் அப்சார்பர் ஜோடி ஆயிரத்து முந்நூற்று ஐம்பது, கடை விலை, மாப்பிள்ளை என்று குறைக்கவில்லை. பெருமாள் பொருத்த வரமாட்டான். அந்த அடியில் நீங்களே படுத்துப் பொருத்துங்கள், டார்ச்சை நீங்களே பிடியுங்கள். ஆவணி எட்டாம் தேதி சனிக்கிழமைக்குள் மிஷின் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், அது நின்ற இடம் பினாயில் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு காலை நான் ஹேமாவையும் குழந்தையையும் அழைத்து வருகிறேன். அன்றிலிருந்து குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை இரண்டு பேர் துணியும் உங்கள் கையால், வாளியில், நல்ல தண்ணீரில்.

விஜயகுமாரி